பத்தாம் தேதிக்குள்

சல்மேலா,
6 அக்டோபர் 1994

எம்.ஏ. பட்டம் வாங்கிய என் தங்கை ஹெல்யாவுக்கு,

அண்ணன் ரிஸ்தோ எழுதுவது. நான் நலம். உன் நலமும் அப்பாவின் முதுகு எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல்.

வந்து சேர்ந்துவிட்டேன். பதினோரு மணி நேரப் பேருந்து. கடைசி இரண்டு மணி நேரத்தில் சாலையில் ஒன்பது பனிமான்களையும் இரண்டு மனிதர்களையும் பார்த்தேன். மரம் அறுக்கும் ஆலையின் மேஸ்திரி வீட்டு மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். தொலைபேசி கிடையாது. அதனால் இனிமேல் கடிதம்தான். உனக்கும் அதுவே வசதி. நீ தொலைபேசியில் பேசினால் எதிர்முனையில் ஆள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரிவதில்லை.

இந்த அணியில் பாதிப் பேர் பகலில் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் மரத்தூள் ஒட்டிய தலையோடு ஐஸ் ஹாக்கிப் பயிற்சிக்கு வருகிறார்கள். முதல் நாள் கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ரந்தாகோஸ்கியிலேர்ந்து வந்த பெரிய ஆளு நீதானா? என்னப்பா, தொரத்திட்டாங்களா?"

"தொரத்தல. இரவல் குடுத்திருக்காங்க."

"எங்க ஊர்ல ஏணியத்தான் இரவல் குடுப்போம்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய லீக்கின் முதலாளிகள் சம்பளத் தகராறில் கதவடைப்புச் செய்கிறார்கள். அங்கே ஆடுகிற நம் தெருக்காரன் தார்மோ வேலையில்லாமல் பின்லாந்துக்குத் திரும்புகிறான். நம் கிளப்பில் அவனுக்கு இடது பக்கம் வேண்டும். எட்டு வருஷமாக அந்த இடது பக்கத்தில் ஆடிய நான் வடக்கே பேருந்து ஏறுகிறேன். பரவாயில்லை. கதவடைப்பு முடிந்தால் அவன் போவான், நான் வருவேன். அவ்வளவுதானே?

கிளம்புவதற்கு முன்னால் மேலாளர் ஹக்காலா கொடுத்த ஒப்பந்தத் தாளைச் சமையலறை மேசையில் வைத்து, "எம்.ஏ. அம்மா, நீ பாரு, ஏதாவது வில்லங்கம் இருக்கா?" என்று கேட்டேன். நீ இரண்டு பக்கமும் படித்தாய். "ஒண்ணுமில்ல" என்றாய். படித்தவள் சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

என் முதல் சம்பளத்தில் உனக்கு வாங்கித் தந்த டைப்ரைட்டர் எப்படி இருக்கிறது? அந்த கே எழுத்து இன்னும் வரியை விட்டு எம்பி நிற்கிறதா? கடிதத்தை அதிலேயே அடித்து அனுப்பு. உன் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

அப்பாவை விறகு பிளக்க விடாதே.

உன் அண்ணன்,
ரிஸ்தோ


ரந்தாகோஸ்கி,
14 அக்டோபர் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹெல்யா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முதுகு வலி குறைந்திருக்கிறது. விறகு பிளக்க வேண்டாம் என்று நீ சொன்னதாகச் சொன்னேன். "அவன் அங்கேர்ந்து பாத்துக்கிட்டா இருக்கான்?" என்று கேட்டுவிட்டுக் கோடரியை எடுத்துக்கொண்டு போனார்.

உனக்கு ஒரு செய்தி. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பதினோரு மாதம் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் படியை ஏறி இறங்கியதற்கு ஒரு முடிவு. நம் கிளப் அலுவலகத்தில்தான். தார்மோ விஷயமாக அமெரிக்காவிலிருக்கும் அவனுடைய ஏஜெண்டுக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் இங்கிலீஷில் எழுத ஆள் வேண்டியிருந்ததாம். அப்பாவிடம் சொன்னபோது செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு "நல்லது" என்றார். எந்த ஆபீஸ் என்று சொன்ன பிறகு மறுபடியும் பிரித்துக்கொண்டார்.

தார்மோவின் முதல் பயிற்சியைப் பார்க்கவே அறுநூறு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக்கூட நமக்கு அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. உடைமாற்றும் அறையில் உன் கொக்கியைத்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உன் பெயர்ப்பட்டையின் மேலேயே அவனுடைய பட்டையை ஒட்டிவிட்டார்கள். அந்தப் பட்டையை அலுவலகத்தில் அடித்துக் கொடுத்தது நான். முதல் நாள் வேலையே அதுதான்.

அவன் அலுவலகத்துக்குள் வந்தான். தோல் கோட்டு, பல் வரிசை எல்லாம் புதுசு.

"ஏய், ரிஸ்தோ தங்கச்சிதான நீ? தெருமுனையில மூக்கு ஒழுக நிப்பியே! எங்க அவன்? ரெண்டு பேரும் ஒண்ணா ஆடலாம்னுல்ல வந்தேன்."

நான் வடக்கே என்றேன்.

"வடக்கேயா? எதுக்கு?"

எனக்குப் பதிலாக ஹக்காலா, "அவனுக்கு நெறைய ஆடக் கெடைக்கும்னுதான்" என்றார். தார்மோ தலையாட்டினான். நம்பிவிட்டான்.

டைப்ரைட்டரில் ரிப்பன் காய்ந்துவிட்டது. அதனால் கையாலேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு.

தங்கை,
ஹெல்யா


சல்மேலா,
25 அக்டோபர் 1994

ஆபீஸ் அம்மாவுக்கு அண்ணனின் வணக்கம்.

நலம். நீயும் நலம்தானே? நம் குடும்பத்தில் உட்கார்ந்தபடி சம்பளம் வாங்கும் முதல் ஆள் நீதான். அம்மா இருந்திருந்தால் தெருவில் நின்று எல்லோரிடமும் சொல்லியிருப்பாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்த வரியைச் சந்தேகத்தோடு படிக்காதே.

என் கொக்கியில் தார்மோ தொங்குவதைப் பற்றிக் கவலைப்படாதே. பட்டையின் மேல் பட்டை ஒட்டினால் உரித்துவிடலாம்.

நேற்று இரண்டு கோல் போட்டேன். பார்க்க வந்தவர்கள் நூற்று நாற்பது பேர். கேப்டன் கணக்கில் நூற்று நாற்பத்தொன்று, அவன் நாயையும் சேர்த்து.

நீ அங்கேயே இருப்பதால் ஒன்று கேட்கிறேன். என்னைத் திரும்பக் கூப்பிடுவது எப்படி? ஹக்காலா ஒரு வார்த்தை சொன்னால் போதுமா, எழுத்தில் தர வேண்டுமா? இன்ன தேதிக்குள் என்று கெடு ஏதாவது உண்டா? தாளில் என்ன இருந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நீதானே படித்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரிஸ்தோ


ரந்தாகோஸ்கி,
9 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே பனி விழத் தொடங்கிவிட்டதா? இங்கே இன்னும் சேறுதான். புனிதர் நாளன்று அம்மாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். காற்றில் மூன்று தடவை அணைந்தது. அப்பா மூன்று தடவையும் மண்டியிட்டு ஏற்றினார். அதற்குப் பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தார். இப்போது பரவாயில்லை.

அப்பா இன்னும் ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ஆர்வோ வந்திருந்தார். நான் பட்டாணி சூப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"தார்மோ மூணு கோல் போட்டான்யா! ஊரே வந்துச்சு, நீ வரல?"

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "பூட்டு தொங்குறது அமெரிக்காவுல. வெளிய நிக்கிறவன் சல்மேலாவுல. இதுல நான் எதை வந்து பாக்கணும்?"

"அட, அவனும் தொழிலாளிதானப்பா. மொதலாளி பூட்டிட்டான், பையன் வந்துட்டான்."

"பூட்டிட்டா வாசல்ல நிக்கணும். நம்ம மில்லைப் பூட்டுனப்ப ஒம்போது வாரம் நின்னோமே, நீயுந்தான நின்ன? அடுத்தவன் மெஷின்ல போயா நின்ன?"

ஆர்வோ சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்பா நிறுத்தவில்லை.

"அப்பக்கூட எனக்கு மொதலாளி மேல கோவம் இல்ல. அவன் மொதலாளி, அப்படித்தான் இருப்பான். யார் யாரை வெளிய அனுப்பப் போறாங்கன்னு லிஸ்ட்டை டைப் அடிச்சான் பாரு ஒரு கிளார்க், நம்ம தெருப் பய. தெனம் எங்களோட காப்பி குடிச்சான். ஒரு வார்த்தை சொல்லல."

என் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "சூடு" என்றேன்.

நீ கேட்டிருந்தாயே, அதைப் பற்றி. ஹக்காலா இப்போது தலைக்கு மேல் வேலையாக இருக்கிறார். சமயம் பார்த்துக் கேட்கிறேன்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

ஹெல்யா


சல்மேலா,
29 நவம்பர் 1994

ஹெல்யாவுக்கு,

நலம். அப்பாவுக்கு என் அன்பு.

இங்கே பகல் என்பது இப்போது காப்பி குடித்து முடிக்கிற நேரம்தான். கால்வலி, முதுகுவலி எதுவும் இல்லை. காலையில் நானும் ஆலையில் பலகை அடுக்கப் போகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை.

கேட்டாயா?

ரிஸ்தோ


ரந்தாகோஸ்கி,
8 டிசம்பர் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் கடிதம் சின்னதாக இருந்ததால் உனக்கு உடம்பு சரியில்லையோ என்று அப்பா கேட்டார். ஆலையில் வேலை செய்வதைச் சொன்னேன். "எந்தப் பலகையைன்னாலும் முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்லு" என்றார். அவருடைய முதுகு பேசுகிறது.

சுதந்திர தினத்தன்று வழக்கம்போல ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி வைத்தோம். எதிர்வீட்டில் தார்மோவின் அம்மாவும் வைத்திருந்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு மகன் வீட்டிலிருந்த சுதந்திர தினம். அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் இந்த வருஷ ஆட்டமே ரத்தாகிவிடும் என்று வானொலியில் சொன்னார்கள். அப்படியானால் தார்மோ வசந்தம் வரை இங்கேதான். ஹக்காலா அதைக் கேட்டு மேசையைத் தட்டினார். கூட்டத்தைச் சமாளிக்க அரங்கத்துத் தொத்திறைச்சிக் கடைக்கு இன்னொரு ஜன்னல் திறக்கப்போகிறார்கள்.

உன் கேள்வியை மறக்கவில்லை.

ஹெல்யா


சல்மேலா,
18 டிசம்பர் 1994

அன்புத் தங்கை ஹெல்யாவுக்கு,

நலம். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. மறுநாளே இங்கே ஆட்டம் வைத்திருக்கிறார்கள். கல்லறைக்குப் போகும்போது எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏற்று.

இப்போது நேராகவே கேட்கிறேன். ஒப்பந்தத்தில் என் பிரதியைக் காணவில்லை. அறையைச் சுத்தம் செய்தபோது எங்கோ போய்விட்டது. அலுவலகக் கோப்பில் கிளப்பின் பிரதி இருக்கும். அதில் என்னைத் திரும்பக் கூப்பிடுவது பற்றிய பத்தியை மட்டும் பார்த்து எழுதி அனுப்பு. மூன்று வரிக்கு மேல் இருக்காது.

என்ன எழுதியிருந்தாலும் எழுது. நான் கோபப்படமாட்டேன். சின்ன வயதில் என் ஸ்கேட்டைக் கல்லில் தீட்டிப் பாழாக்கிவிட்டு இரண்டு நாள் விறகுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டாயே, அப்போது கோபப்பட்டேனா?

பண்டிகை நல்லபடியாகக் கழியட்டும்.

அண்ணன்,
ரிஸ்தோ


ரந்தாகோஸ்கி,
29 டிசம்பர் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அப்பாவும் நலம். பிளம் பழம் வைத்த நட்சத்திரப் பலகாரம் பதினாறு சுட்டேன். அப்பா இரண்டு, நான் இரண்டு. மிச்சத்தை ஆர்வோ வீட்டுக்குக் கொடுத்தோம். உன் பெயரில் மெழுகுவத்தி ஏற்றினேன். ஒரே தடவையில் நின்று எரிந்தது.

கோப்பு எல்லாம் ஹக்காலாவின் அலமாரியில் பூட்டியிருக்கிறது. சாவி அவரிடம்தான். அவர் விடுமுறையில் இருக்கிறார். வந்ததும் பார்க்கிறேன்.

இத்துடன் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். இடது காலுக்குப் பின்னியது கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

புது வருஷ வாழ்த்துகள்.

ஹெல்யா


சல்மேலா,
5 ஜனவரி 1995

ஹெல்யாவுக்கு,

நலம். காலுறை வந்தது. கதகதப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு எழுதாமல் கிளப் முகவரிக்கே எழுதுகிறேன். வேலை நேரத்தில் படி. அமெரிக்காவில் பேச்சுவார்த்தை முடியப்போகிறது, இன்னும் சில நாள்தான் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். என் மனதுக்கு நாள் நெருங்கிவிட்டது என்றே படுகிறது.

ஹக்காலாவிடம் பேசு. பெரிய பேச்சு வேண்டாம். "ரிஸ்தோவைக் கூப்பிடுங்க." இரண்டே வார்த்தை.

ரிஸ்தோ


ரந்தாகோஸ்கி,
18 ஜனவரி 1995

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அப்பா நலம்.

கதவடைப்பு பதினொன்றாம் தேதி முடிந்தது. நீ வானொலியில் கேட்டிருப்பாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. தினமும் தபால்பெட்டியைப் பார்த்தேன். வந்திருந்தால் பயந்திருப்பேன். வராததும் பயமாக இருக்கிறது.

ஒப்பந்தத்தின் இரண்டாவது பக்கம், நான்காவது பத்தி. ஜனவரி பத்தாம் தேதிக்குள் கிளப் எழுத்து மூலம் உன்னைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் சீசன் முடியும்வரை நீ சல்மேலாவில்தான். அத்தோடு இந்த வசந்தத்தில் நம் கிளப்போடு உனக்குள்ள ஒப்பந்தமும் முடிந்ததாகக் கருதப்படும்.

சமையலறையில் அதைப் படித்து நான் "ஒண்ணுமில்ல" என்றேன். அப்போதுதான் முதல்தடவை படித்தேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. அதை டைப் அடித்தவளே நான்தான்.

செப்டம்பரில் ஹக்காலா என்னைக் கூப்பிட்டு, தார்மோவின் ஏஜெண்ட் அனுப்பிய கடிதத்தை மொழிபெயர்க்கச் சொன்னார். இடது பக்கத்தில் இரண்டு பேரில் ஒருவரை அனுப்பியாக வேண்டும் என்றும் இன்னொருவனுக்கு இரண்டு குழந்தைகள் என்றும் சொன்னார். "நீ படிச்ச பொண்ணு. வெளிய பேசமாட்டேன்னு எனக்குத் தெரியும். அக்டோபர்லேர்ந்து ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கும்" என்றார். பிறகு கையால் எழுதிய இரண்டு பக்கத்தைக் கொடுத்து, வீட்டில் அடித்துக்கொண்டு வரச் சொன்னார். நீ வெளியூர் ஆட்டத்துக்குப் போயிருந்த இரவில், அப்பா தூங்கப் போனதும் அடித்தேன். நீ எனக்கு வாங்கித் தந்த டைப்ரைட்டரில். உனக்கு விஷயம் தெரிவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்.

கோப்பும் பூட்டியிருக்கவில்லை. சாவி என் மேசையிலேயே இருந்தது.

ஜனவரி ஒன்பது காலை உன் கடிதம் வந்தது. உன்னைத் திரும்பக் கூப்பிடும் படிவத்தை நானே நிரப்பி வைத்திருந்தேன். ஹக்காலா கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு நாளில் அமெரிக்காவில் முடிந்துவிடும் என்று அவருக்கே தெரியும். உன்னைக் கூப்பிடுவதால் கிளப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை. படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றேன். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். முடிகிறவரை நின்றேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஏன் என்று நீ கேட்பாய். ஒன்பது நாளாக யோசிக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. ஐந்து வருஷம் பல்கலைக்கழகத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பதில் தெரிந்தும் கை தூக்காமல் இருப்பேன். அதேதான். வேறொன்றுமில்லை.

பதின்மூன்றாம் தேதி தார்மோவுக்கு வழியனுப்பு விழா நடந்தது. கேக்குக்குச் சொல்லி வைத்தது நான்தான். தார்மோ எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்து, "நாளைக்கு ரிஸ்தோ வந்துடுவான்ல? அவன் எடத்தைப் பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்னு சொல்லு" என்றான். ஹக்காலா அவன் தோளில் கைபோட்டு, "ரிஸ்தோவுக்கு அங்கதான் புடிச்சிருக்காம்" என்றார். நான் தட்டில் கேக் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஸ்லோவாக்கியாவிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான். தார்மோ இருந்தபோது அரங்கம் நிறைந்ததில் வந்த பணத்தில் அவனை எடுத்திருக்கிறார்கள். உன் கொக்கியில் தார்மோவின் பட்டையை உரித்தபோது அடியிலிருந்த உன் பெயரும் கூடவே வந்துவிட்டது. புதியவன் பெயரை அடித்துக் கொடுத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். எழுத்தில் சுலபமாக வருகிறது.

ஹெல்யா


சல்மேலா,
22 பிப்ரவரி 1995

ஹெல்யாவுக்கு,

நலம். அப்பாவின் முதுகு எப்படி இருக்கிறது?

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதி அடுப்பில் போட்டேன்.

கையெழுத்துப் போட்ட அன்றே எனக்குத் தெரியும். ஹக்காலா அந்தத் தாளை என் கையில் கொடுத்தபோது, பேருந்து நிறுத்தத்தில் நின்று முழுக்கப் படித்தேன். நான் எம்.ஏ. இல்லை. ஆனாலும் ஜனவரி பத்து என்றால் என்ன என்று தெரியும். ஒவ்வொரு வரியிலும் கே எழுத்து எம்பி நின்றது. அந்த டைப்ரைட்டரை நான்கு கடை ஏறி இறங்கி வாங்கியவன் நான். ஊரில் வேறு எந்த மெஷினிலும் அந்த எழுத்து அப்படி நிற்காது.

உன்னிடம் அதை நீட்டியது, படித்துச் சொல்வாய் என்று அல்ல. சொல்வாயா என்று பார்க்கத்தான்.

என் பிரதி தொலையவில்லை. மெத்தைக்கு அடியில் இருக்கிறது.

ஒன்று தெரிந்துகொள். நீ சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். போடாவிட்டால் வருஷம் முழுக்கப் பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டியதுதான். வேறு வழியே இல்லை. உன் நாற்காலியும் உனக்கே கிடைத்திருக்கும். அன்று மேசையில் நீ, "அண்ணா, நாலாவது பத்தியைப் பாரு" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் கெட்டிருக்காது. "அட, வயித்துப் பொழப்பு, விடு" என்று நான் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் காப்பி குடித்திருப்போம்.

அதற்குப் பிறகும் கேட்டேன். கெடு உண்டா என்று கேட்டேன். கேட்டாயா என்று கேட்டேன். மூன்று வரி எழுது என்றேன். கடைசியில் என்ன பேச வேண்டும் என்பதையே எழுதி அனுப்பினேன். தார்மோவுக்குக் கதவைப் பூட்டியவன் அவன் முகம் பார்த்திராத முதலாளி. அவனுக்கு அது ஒரு பாக்கியம்.

ஏப்ரலிலிருந்து ஆலையில் நிரந்தர வேலை தருகிறார்கள். கேப்டன் இப்போதெல்லாம் ஏணியைப் பற்றிப் பேசுவதில்லை. "இரவல் குடுத்த பொருளைக் கேக்க ஆள் வரலன்னா அது நம்ம பொருள்தான்" என்கிறான்.

அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. உனக்காகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கிளார்க்கையே இன்னும் மறக்க முடியவில்லை.

மேஸ்திரி வீட்டில் மாடிக்கும் தொலைபேசி இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணை அனுப்பவில்லை. நீ பேசமாட்டாய்.

ரிஸ்தோ


ரந்தாகோஸ்கி ஐஸ் ஹாக்கி கிளப்
அலுவலகம்
3 ஏப்ரல் 1995

திரு. ரிஸ்தோ அவர்களுக்கு,

தாங்கள் நலம் என நம்புகிறோம். எங்கள் கிளப்புடனான தங்கள் ஒப்பந்தம், இரண்டாம் பக்கம் நான்காம் பத்தியின்படி, மார்ச் 31 அன்று முடிவடைந்தது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம். எட்டு ஆண்டுகள் தாங்கள் அணிக்கு ஆற்றிய பணிக்கு நன்றி. உடைமாற்றும் அறையிலிருந்த தங்கள் பொருள்களான ஸ்கேட் ஒரு ஜோடி, மட்டை மூன்று, துண்டு ஒன்று ஆகியவை தனிப் பொதியாக அனுப்பப்பட்டுள்ளன. பெற்றுக்கொண்டதற்கு அடியில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

மேலாளருக்காக,
ஹெல்யா
அலுவலகச் செயலர்

அண்ணா, இந்த ஓரத்தில் கையால் எழுதுகிறேன். ஹக்காலா இதை அடிக்கச் சொன்னபோது முடியாது என்று சொல்ல அவர் அறை வாசலில் போய் நின்றேன். வாயைத் திறந்தும்விட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்றார்.